ஒரு துண்டு கம்பு ரொட்டி

மும்பையிலிருந்து ஊருக்குப் போகும் தமிழர்களுக்கு அந்த ரயில் பாதை மனப்பாடம். கல்யாண் தாண்டியதும் வண்டி மலை ஏறும். லோனாவாலாவில் சிக்கி விற்பவன் வருவான். புனேயில் இறங்கித் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தால், பிறகு படுக்கையை விரிக்க வேண்டியதுதான். புனேக்கும் தௌண்டுக்கும் நடுவே கேட்காவ் என்று ஒரு சிறு ஸ்டேஷன் உண்டு. நாகர்கோவில் வண்டியும் சென்னை மெயிலும் அதைக் கடந்துதான் போகின்றன. விரைவு வண்டிகள் பெரும்பாலும் அங்கே நிற்பதில்லை. பெயர்ப் பலகையைப் படித்து முடிப்பதற்குள் விளக்குகள் பின்னால் போய்விடும்.

அந்த நேரத்தில் பெட்டிக்குள்ளே நடக்கும் சம்பாஷணையும் எல்லோருக்கும் தெரிந்ததே.

"எந்த ஊரு, அண்ணாச்சி?"

"நாசரேத் பக்கம்."

"நாசரேத்துல எந்தத் தெரு?"

இரண்டாவது கேள்வியிலேயே ஆளின் எடை போடப்பட்டுவிடும். பதிலைப் பொறுத்துப் பலகாரப் பொட்டலம் நீளும். அல்லது மறுபடி மடங்கும். கேட்டவரும் கிறிஸ்தவர், கேட்கப்பட்டவரும் கிறிஸ்தவர் என்றால்கூட இதில் பெரிய மாற்றம் இருப்பதில்லை.

யோவான் எழுதிய சுவிசேஷத்தின் முதல் அதிகாரத்திலேயே இந்த ஊர்க் கேள்வி வந்துவிடுகிறது. நாசரேத்து ஊரார் ஒருவரைப் பற்றி நாத்தான்வேலிடம் பிலிப்பு சொன்னபோது, அந்த ஊரிலிருந்து நல்லது ஏதாவது வருமா என்பதுதான் அவருக்கு முதலில் தோன்றியது. ஆளைப் பார்க்கும் முன்பே தீர்ப்பு தயார். பிலிப்பு வாதாடவில்லை, வந்து பார்க்கும்படி மட்டும் அழைத்தார். நாத்தான்வேலும் எழுந்து போனார் என்பது அவருக்குப் பெருமை. அவ்வளவு தூரம் எழுந்து போகிறவர்கள் குறைவு.

ஊருக்குப் போகும் செய்தி

பிழைக்க வந்த இடத்தில் ஒருவன் நல்ல பெயரை ரொக்கம் போலச் சேர்த்து வைக்கிறான். ஊரிலே அவனை மூன்று தலைமுறையாக அறிந்தவர்கள் உண்டு. இங்கே அவனை அறிந்தவர்கள் சாலில் பக்கத்து அறைக்காரர்களும், ஞாயிற்றுக்கிழமை தமிழ் ஆராதனையில் பக்கத்துப் பெஞ்சுக்காரர்களும்தான். அவர்கள் சொல்வதே ஊரில் எடுபடும். முன்பெல்லாம் இன்லண்டு லெட்டரின் மடிப்பில் நாலு வரியாகப் போன செய்தி, இன்று கைபேசியில் நாலு நிமிஷத்தில் போய்விடுகிறது. வேகம் ஏறியிருக்கிறது, சரக்கு அதேதான்.

மூன்று மாதமாக ஆலயத்துக்கு வராத வாலிபனுக்கு ஞாயிறன்று ஷிப்ட் இருக்கலாம். இரவு பத்தரை மணிக்குக் குழாயடியைக் கடந்து வீட்டுக்கு வரும் பெண், லோக்கலைப் பிடிக்க ஓடி வந்திருக்கலாம். யாரிடமும் பேசாமல் கதவைச் சாத்திக்கொள்ளும் மனிதனுக்கு வேலை போய் இரண்டு மாதம் ஆகியிருக்கலாம். இதையெல்லாம் விசாரிக்க நேரம் பிடிக்கும். "கெட்டுப் போயிட்டான்" என்று சொல்ல அவ்வளவு நேரம் ஆகாது. அந்த ஒரு வார்த்தையில் ஒரு தங்கையின் கல்யாணம் நின்று போகலாம். ஒரு தகப்பன் மகனோடு பேசுவதை நிறுத்திவிடலாம். சொன்னவர் மறுநாள் அதை மறந்தே போயிருப்பார்.

இந்த வழக்கத்திலிருந்து ஒருவன் எப்படி மீள்வது? மலைப்பிரசங்கத்தில் கட்டளை தெளிவாகவே இருக்கிறது. ஆனால் கட்டளையைக் கேட்டு மாறியவர்களைக் காட்டிலும், வேறொரு மனிதனின் கதையைக் கேட்டு மாறியவர்கள் அதிகம் என்று தோன்றுகிறது. அந்தக் கேட்காவ் ஸ்டேஷனுக்குப் பக்கத்திலேயே அப்படி ஒரு கதை உண்டு. அதன் நாயகி பண்டித ரமாபாய் அம்மையார்.

நாக்கு எழவில்லை

ரமாபாய் 1858-ம் ஆண்டு பிறந்தவர். தந்தை அனந்த சாஸ்திரி டோங்ரே, சம்ஸ்கிருதத்தில் பெரிய பண்டிதர். பெண்களுக்குச் சம்ஸ்கிருதம் கற்பிக்கக் கூடாது என்று கருதப்பட்ட காலத்தில் தம் மனைவி லட்சுமிபாய்க்குக் கற்பித்தார். அதனால் ஊரில் பேச்சுக்கு ஆளாகி, மேற்குத் தொடர்ச்சி மலைக்காட்டில் கங்காமூலம் என்ற இடத்தில் குடியேறினார். ரமாபாய் பிறந்தது அங்கேதான். தாயே மகளுக்கு ஆசிரியை. பிறகு அந்தக் குடும்பம் ஊர் ஊராக, புண்ணிய தலம் தலமாக நடந்தது. போகும் இடங்களில் புராணம் வாசித்து, அதில் வரும் காணிக்கையில் ஜீவனம் நடத்தினார்கள்.

1870-களில் பஞ்சம் வந்தது. இருந்த பணமும் பாத்திரமும் தீர்ந்தன. கூலி வேலைக்குப் போகலாம். ஆனால் பண்டிதர் வீட்டுப் பிள்ளைகள் மண்வெட்டி பிடிப்பதாவது? பிச்சை கேட்கலாம், அதற்கும் கௌரவம் இடம் தரவில்லை. சில மாத இடைவெளியில் தந்தை, தாய், மூத்த சகோதரி மூவரும் இறந்தார்கள். வெறும் பட்டினிதான் காரணம் என்பதை ரமாபாய் பின்னாளில் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். அந்தக் கௌரவத்தையும் அவர் ஒளிக்கவில்லை.

தாயின் கடைசி நாட்களில் நடந்த ஒன்றை அவர் விவரிக்கிறார். காய்ச்சலில் கிடந்த தாய் கொஞ்சம் ரொட்டி வேண்டும் என்றாள். வீட்டில் ஒன்றுமில்லை. அக்கம்பக்கத்தில் ஒரு பிராமண அம்மாளின் வீட்டு வாசலில் போய் நின்றாள் பெண். கேட்க வேண்டும், நாக்கு எழவில்லை. நெற்றியெல்லாம் வியர்த்தது. கண்ணில் நீர் முட்டியது. அந்த வீட்டு அம்மாள் முகத்தைப் பார்த்தே விஷயத்தைத் தெரிந்துகொண்டாள். ஒரு துண்டு கம்பு ரொட்டியைக் கட்டாயப்படுத்திக் கையில் வைத்தாள். நன்றி சொல்லக்கூட வாய் வராமல் பெண் தாயிடம் ஓடினாள். தாயால் அதைத் தின்ன முடியவில்லை, அவ்வளவு பலவீனம்.

தாய் இறந்தபோது பாடை தூக்க ஆள் வரவில்லை. சுடுகாடு சுமார் மூன்று மைல். கடைசியில் இரண்டு பிராமணர்கள் இரங்கி வந்தார்கள். மற்ற இரண்டு பக்கத்தையும் மகன் சீனிவாசனும் மகள் ரமாபாயும் தூக்கினார்கள். ரமாபாய் குள்ளம். தோளுக்கு எட்டாததால் தலையில் தாங்கிக்கொண்டு நடந்தார்.

இந்த இரண்டு சம்பவங்களையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் கேட்காவில் நடந்தவற்றுக்கெல்லாம் வேர் இங்கேதான் இருக்கிறது.

அண்ணனும் தங்கையும் நடந்தே நாட்டின் பெரும் பகுதியைச் சுற்றி 1878-ல் கல்கத்தா போய்ச் சேர்ந்தார்கள். அங்குள்ள பண்டிதர்கள் ரமாபாயைப் பரீட்சித்துப் 'பண்டிதா', 'சரஸ்வதி' என்ற பட்டங்களை அளித்தனர். அண்ணன் 1880-ல் காலமானார். அதே ஆண்டு ரமாபாய் விபின் பிஹாரி மேதாவி என்ற வங்காள வக்கீலை மணந்தார். அவர் வேறு ஜாதி. இருவரையும் சொந்தபந்தம் ஒதுக்கியது. 1881-ல் மகள் மனோரமா பிறந்தாள். 1882-ல் காலரா கணவரைக் கொண்டுபோயிற்று. இருபத்து நான்கு வயதுகூட நிறையாத விதவை, கையில் குழந்தை. முதல் நாள் 'சரஸ்வதி' என்று கும்பிட்ட உலகம் மறுநாள் எப்படிப் பார்த்திருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

கிணற்றடிப் பேச்சு

1883-ல் அவர் இங்கிலாந்து சென்றார். வான்டேஜ் என்ற ஊரில் ஆங்கிலிகன் சபைக் கன்னியாஸ்திரீகளின் மடத்தில் தங்கினார். அவர்கள் அவரை லண்டனில் ஃபுல்ஹாம் பகுதிக்கு அனுப்பி வைத்தார்கள். வழி தவறிய பெண்கள் என்று சமூகம் முத்திரை குத்திய பெண்களைச் சேர்த்துப் பராமரிக்கும் விடுதி ஒன்று அங்கே நடந்துகொண்டிருந்தது. அந்தப் பெண்களை யாரும் அங்கே அடிக்கவில்லை, ஏசவில்லை. அவர்களில் சிலர் மனம் மாறி, தங்களைப் போன்ற மற்றவர்களுக்கு ஊழியம் செய்துகொண்டிருந்தார்கள். அப்படிப்பட்ட பெண்களுக்கு இரக்கம் காட்டலாம் என்பதே ரமாபாய்க்குப் புதிய செய்தியாக இருந்தது. அதுவரை அவரும் மற்றவர்களைப் போலத்தான் அவர்களை எண்ணியிருந்தார் என்பது அவருடைய எழுத்திலிருந்தே தெரிகிறது.

இவர்கள்மீது இவ்வளவு பரிவு எங்கிருந்து வந்தது என்று சகோதரிகளிடம் கேட்டார். பதிலாக ஒரு சகோதரி சமாரியா ஸ்திரீயின் கதையை வாசித்துக் காட்டினார். யோவான் நான்காம் அதிகாரம். ஆலயங்களில் எத்தனையோ முறை பிரசங்கிக்கப்பட்ட பகுதிதான். ஆனாலும் பிரசங்க பீடங்களில் அடிக்கடி தவறிப் போகும் விஷயங்கள் அதில் சில உண்டு.

யூதரும் சமாரியரும் புழங்குவதில்லை. ஒரு யூதர் நடுப்பகலில் களைத்துப் போய் சீகார் ஊர்க் கிணற்றருகே உட்கார்ந்திருக்கிறார். கிணறு ஆழம், அவரிடம் வாளியும் இல்லை கயிறும் இல்லை. ஒரு சமாரியப் பெண் குடத்தோடு வருகிறாள். அவர் முதலில் என்ன செய்தார்? புத்தி சொல்லவில்லை. மன்னிப்பு அளிக்கவும் இல்லை. குடிக்கத் தண்ணீர் கேட்டார். அவள் திடுக்கிட்டாள். எட்டி நிற்க வேண்டியவர் அவள் குடத்துத் தண்ணீரைக் கேட்கிறார். கொடுக்கும் இடத்தில் அவளை நிறுத்திவிட்டு, வாங்கும் இடத்தில் அவர் உட்கார்ந்துகொண்டார்.

அதன் பிறகுதான் அவளுடைய ஐந்து புருஷர்களைப் பற்றிய பேச்சே வருகிறது. இங்கே இன்னொன்று கவனிக்கத்தக்கது. அந்தப் பெண்ணுக்கு ஏன் ஐந்து புருஷர்கள் என்று வேதம் சொல்லவில்லை. சிலர் இறந்திருக்கலாம், சிலர் தள்ளிவைத்திருக்கலாம். அந்தக் காலத்து யூத, சமாரிய வழக்கத்தில் தள்ளிவைக்கும் உரிமை பெரும்பாலும் ஆண் கையில்தான் இருந்தது. அவளைப் பாவி என்று அந்த அதிகாரத்தில் இயேசு ஓரிடத்திலும் அழைக்கவில்லை. விபசாரி, வேசி என்ற பட்டங்களெல்லாம் பின்னால் வந்த பிரசங்கிமார் சேர்த்தவை. தீர்ப்புச் சொல்லக் கூடாது என்று போதிப்பதற்காகப் பிரசங்க பீடத்தில் ஏறியவர்கள், ஏறிய கையோடு ஒரு கிராமத்துப் பெண்ணுக்குத் தீர்ப்புச் சொல்லியிருக்கிறார்கள்!

கடைக்குப் போயிருந்த சீஷர்கள் திரும்பி வந்து பார்த்து ஆச்சரியப்பட்டார்கள். ஒரு பெண்ணோடு பேசுகிறாரே என்பது அவர்கள் கவலை. வாயைத் திறந்து ஒருவரும் கேட்கவில்லை, மனதுக்குள் கேட்டுக்கொண்டார்கள். சாலின் மாடிப்படியிலும் அப்படித்தான்.

அந்த அதிகாரம் ரமாபாயின் மனதைப் பிடித்தது. ரொட்டி கேட்க வாய் வராமல் நின்ற பெண்ணுக்கு, தண்ணீர் கேட்பது எவ்வளவு பெரிய காரியம் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. 1883 செப்டம்பர் 29 அன்று வான்டேஜில் ஞானஸ்நானம் பெற்றார்.

பலகாரத்திலும் பெருமை

இத்தோடு கதை முடிந்திருந்தால் அழகாக இருந்திருக்கும். ஆனால் மனிதர்கள் அவ்வளவு சுலபமாக மாறுவதில்லை. மடத்தில் இருப்பவர்களும் மனிதர்களே.

எந்தச் சகோதரிகளிடம் இரக்கத்தைக் கற்றாரோ, அதே சகோதரிகளின் தராசில் ரமாபாயும் ஏற்றப்பட்டார். அவருடைய ஞானத்தாய் சிஸ்டர் ஜெரால்டின். ரமாபாய் கிறிஸ்தவரான பிறகும் மரக்கறி உணவே உண்டார். முட்டை சேர்த்த புட்டிங்கைத் தொடவில்லை. இது இன்னும் விடாத ஜாதிப் பெருமை என்று ஜெரால்டினுக்குத் தோன்றியது. லத்தீன் எழுத்துப் பொறித்த சிலுவையை அணிவதில் ரமாபாய் தயங்கினார். இந்தியப் பெண்களுக்குப் புரியாத லத்தீன் எதற்கு, சம்ஸ்கிருதம் ஆகாதா என்பது அவர் கேள்வி. அதுவும் கீழ்ப்படியாமை என்று எழுதப்பட்டது.

ரமாபாய் சும்மா இருக்கவில்லை. பதில் கடிதம் எழுதினார். தம்முடைய பெருமையைத் தேடுகிறவர்கள் பலகாரத்திலும், பாலிலும், சோற்றிலும், காலுறையிலும், குளிருக்காகத் தினம் எரிக்கும் நிலக்கரியிலும்கூட அதைக் கண்டுபிடிக்கலாம் என்ற பொருளில் ஒரு குத்து வைத்தார். ஆங்கிலம் படித்துச் சில ஆண்டுகளே ஆன ஒரு பெண் எழுதிய கடிதம் அது!

1884 முதல் செல்டன்ஹாம் பெண்கள் கல்லூரியில் அவர் படித்துக்கொண்டே சம்ஸ்கிருதம் சொல்லிக் கொடுத்தார். ஆண்களுக்கும் அவர் பாடம் நடத்தலாமா என்ற யோசனை எழுந்ததும் பம்பாய், லாகூர் பேராயர்கள் தடை சொன்னார்கள். இந்தியாவில் அவர் பெயர் கெட்டுவிடும் என்பது காரணம். ரமாபாய்க்கு வியப்பு. தம் தந்தைக்கும் கணவருக்கும் இல்லாத ஆட்சேபணை இங்கிலீஷ்காரர்களுக்கு எங்கிருந்து வந்தது என்று அவர் எழுதிக் கேட்டார்.

ஜெரால்டினைக் குறை சொல்லிவிட்டுப் போவது எளிது. ஆனால் அவர் பக்கமும் ஒரு வார்த்தை உண்டு. ரமாபாயின் குழந்தையை வளர்த்துப் படிக்க வைத்ததில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. சண்டையும் சமாதானமுமாகக் கடிதப் போக்குவரத்து நெடுங்காலம் தொடர்ந்தது. தம்மைக் குத்திக் காட்டும் அந்தக் கடிதங்களையெல்லாம் கிழித்துப் போடாமல் ஒழுங்காகத் தொகுத்து வைத்தவரும் அதே ஜெரால்டின்தான். 1977-ல் அவை மும்பையில் புத்தகமாக வெளிவந்தன. தமக்கு எதிரான சாட்சியைத் தாமே பத்திரப்படுத்தி வைக்க எத்தனை பேருக்கு மனம் வரும்?

இரு பக்கத்து அடி

அமெரிக்கா சென்று நிதி திரட்டிக்கொண்டு ரமாபாய் தாயகம் திரும்பினார். 1889 மார்ச்சில் பம்பாய் சௌபாத்திப் பகுதியில் 'சாரதா சதன்' என்ற விதவைப் பள்ளியைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு அது புனேக்கு மாறியது. முதல் மாணவிகளில் ஒருவர் கோதுபாய் என்ற இளம் விதவை. 1893-ல் அவரை மணந்தவர் தோண்டோ கேசவ் கார்வே. அந்த மணத்துக்காக ஊர் விலக்கத்துக்கு ஆளான அதே கார்வே 1916-ல் பெண்கள் பல்கலைக்கழகத்தை நிறுவினார். 1958-ல் பாரத ரத்னா பெற்றார். சர்ச்கேட் பக்கம் ஆபீசுக்குப் போகும் குமாஸ்தாக்கள் அந்தப் பல்கலைக்கழகத்தின் வாசலைத் தினமும் கடந்து போகிறார்கள்.

1893-ல் புயல் அடித்தது. மாணவிகள் ரமாபாயின் ஜெபத்தில் வந்து உட்காருகிறார்கள் என்ற செய்தி பரவியது. பத்திரிகைகள் சாடின; 'கேசரி' கடுமையாக எழுதியது. பல பெற்றோர்கள் பெண்களைத் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். மறுபுறத்தில், அவர் போதுமான அளவு கிறிஸ்தவர் இல்லை என்று முணுமுணுத்த கிறிஸ்தவர்களும் இருந்தார்கள். அவர் மதம் மாறியபோது அவர் பக்கம் நின்று பேசிய சிலரில் ஜோதிராவ் பூலே ஒருவர். அவர் கிறிஸ்தவர் அல்ல என்பது குறிப்பிடத்தக்கது.

பிறகு 1896-ல் மத்திய மாகாணங்களில் பஞ்சம். பத்திரிகையில் அந்தச் செய்தியைக் கண்டதும் ரமாபாய்க்குத் தம் தாயின் நினைவு வந்தது. ரயிலேறிப் போனார். எலும்பும் தோலுமாக இருந்த பெண்களையும் சிறுமிகளையும் கூட்டி வந்தார். இது சாதாரண முடிவல்ல. சாரதா சதன் உயர்ஜாதி விதவைகளுக்காகத் தொடங்கப்பட்டது. அங்கே சமையல் முதற்கொண்டு ஜாதி ஆசாரத்துக்கு இடம் கொடுக்கப்பட்டிருந்தது. பஞ்சத்தில் வந்தவர்களோ பல ஜாதி. உடம்பில் புண்ணோடும் தலையில் பேனோடும் வந்தவர்கள். பசி கற்றுக்கொடுத்த பழக்கங்களும் கூடவே வந்தன. அப்போது புனேயில் பிளேக் நோய். கூட்டத்தை நகரத்தில் வைத்திருக்கக் கூடாது என்று உத்தரவு. கேட்காவில் வாங்கிப் போட்டிருந்த நிலத்துக்குக் கொண்டு போனார்கள். கிணறுகள் வெட்டினார்கள். 1898-ல் 'முக்தி' இல்லம் எழுந்தது. குஜராத் பஞ்சத்துக்குப் பிறகு அங்கே இருந்தவர்களின் தொகை ஆயிரத்தைத் தாண்டியது. நெசவு, எண்ணெய் ஆட்டுதல், பால் பண்ணை, அச்சுக்கூடம் எல்லாம் பெண்கள் கையில். பார்வையற்றவர்களுக்குத் தனிப் பள்ளி. மனோரமா அமெரிக்காவில் பிரெய்ல் எழுத்துக் கற்றுவந்து அங்கே கற்பித்தார்.

1900-ஐ ஒட்டி 'கிருபா சதன்' கட்டப்பட்டது. ஃபுல்ஹாமில் கண்டது போன்ற இல்லம். எங்கும் சேர்க்கப்படாத பெண்களுக்கு அங்கே கதவு திறந்தது.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். கிருபா சதன் மற்றக் கட்டடங்களிலிருந்து தள்ளித் தனியே அமைக்கப்பட்டது. நோய், சின்னப் பெண்களின் பாதுகாப்பு என்று அதற்குக் காரணங்கள் சொல்லலாம். இருந்தாலும் சுவர் சுவர்தான். ரமாபாயாலும் எல்லாச் சுவர்களையும் இடிக்க முடியவில்லை. அந்தச் சுவருக்குள்ளே சோறும் படுக்கையும் வேலையும் கொடுத்தார். அது இல்லாத காலத்தோடு ஒப்பிட்டால்தான் அதன் அளவு தெரியும்.

உத்திரத்தை எடுத்த பிறகு

மற்றவரைக் குற்றவாளி என்று தீர்க்காதே என்றால், தப்பைத் தப்பு என்று சொல்லவே கூடாதா என்று சிலர் கேட்பார்கள். சீட்டுப் பணத்தைச் சுருட்டிக்கொண்டு ஓடியவனிடம் மறுபடி சீட்டுப் போடும்படி வேதம் சொல்லவில்லை. சபைக் கணக்கைத் தணிக்கை செய்வது பொருளாளரை நியாயந்தீர்ப்பது ஆகாது. செய்யாமல் விட்டால்தான் பொருளாளருக்கே ஆபத்து. குடித்துவிட்டு மனைவியை அடிக்கிறவன் வீட்டுக் கதவைத் தட்டாமல், தீர்ப்புச் சொல்லக் கூடாதே என்று போர்வையை இழுத்துக்கொள்வதும் பக்தி அல்ல.

துரும்பு, உத்திரம் என்று இயேசு சொன்ன உவமை தச்சுப்பட்டறையில் வளர்ந்தவர் சொன்னது. அதன் பின்பாதியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். சகோதரன் கண்ணில் இருக்கும் துரும்பு அப்படியே இருக்கட்டும் என்று அவர் சொல்லவில்லை. முதலில் உன் கண்ணில் கிடக்கும் உத்திரத்தை எடு, பிறகு நன்றாகக் கண் தெரியும், அப்போது துரும்பை எடுக்கலாம் என்பதே முழுச் செய்தி. கண்ணில் தூசி விழுந்தவனுக்கு உதவுவதற்கு மிக அருகில் போக வேண்டும். அவன் தலையைக் கையில் தாங்க வேண்டும். எட்டி நின்று கத்தினால் தூசி வராது.

உத்திரத்தை எடுப்பது எப்படி என்பதற்குக் கிணற்றடியில் ஒரு வழி காட்டப்பட்டிருக்கிறது. இளக்காரமாக நினைக்கிற ஆளிடம் போய் எதையாவது கேட்பதுதான் அது. உபதேசம் கொடுப்பதும் பழைய துணி கொடுப்பதும் எளிது. கொடுக்கிறவன் கை எப்போதும் மேலேதான் இருக்கும். கேட்கும்போது கை கீழே வந்துவிடுகிறது. அவர்கள் வீட்டில் ஒரு டம்ளர் தண்ணீர், காய்ச்சல் பிள்ளைக்கு அரை மணி நேரம் காவல், மராத்தியில் வந்த நோட்டீசைப் படித்துச் சொல்லும் உதவி என்று ஏதோ ஒன்று. சாலில் ஒதுக்கி வைக்கப்பட்ட ஒரு பெண்ணிடம் அவசரத்துக்கு ஒரு தடவை குழந்தையை விட்டுப் போனவர்கள், அதற்குப் பிறகு அவளைப் பற்றி ஊருக்குப் போன் போடும்போது வார்த்தை தடுமாறுவார்கள். தடுமாறட்டும்.

பிழைக்க வந்தவர்களுக்கு இது புதிய பாடமும் அல்ல. பெட்டியும் விலாசத் துண்டுமாக இந்த நகரத்தில் வந்து இறங்கிய முதல் நாள், பாஷை தெரியாமல் ஏதோ ஒரு வாசலில் தண்ணீர் கேட்டவர்கள்தான் பலரும். கொடுத்தவர் எந்த ஊர், எந்தத் தெரு என்று அன்றைக்கு விசாரித்ததாக யாருக்கும் நினைவிருக்காது.

கடைசி ஆண்டுகளில்

ரமாபாய் தம் கடைசிக் காலத்தை வேதாகமத்தை எளிய மராத்தியில் மொழிபெயர்ப்பதில் கழித்தார். படித்த பண்டிதர்களுக்கான மராத்தி அவரிடம் தாராளமாக இருந்தது; அது வேண்டாம், அதிகம் படிக்காத பெண்களுக்கும் புரிய வேண்டும் என்பது அவர் தீர்மானம். அதற்காக எபிரெயுவும் கிரேக்கமும் கற்றார். முக்தியின் பெண்களே எழுத்துக் கோத்து அச்சடித்தார்கள். 1921-ல் மகள் மனோரமா இறந்தார். 1922 ஏப்ரல் 5 அன்று ரமாபாயும் காலமானார். மராத்தி வேதாகமம் 1924-ல் வெளிவந்தது. இந்திய அரசு 1989-ல் அவர் படத்துடன் தபால் தலை வெளியிட்டது. முக்தி இல்லம் கேட்காவில் இன்றும் நடந்து வருகிறது.

ரொட்டி கொடுத்த அந்த அம்மாளின் பெயரை ரமாபாய் எழுதி வைக்கவில்லை. சீகார் கிணற்றடிக்கு வந்த பெண்ணின் பெயரும் சுவிசேஷத்தில் இல்லை. அவர் கேட்ட தண்ணீரை அவள் கொடுத்தாளா, அவர் குடித்தாரா என்பதையும் யோவான் குறிக்கவில்லை. அவள் குடத்தைக் கிணற்றருகே வைத்துவிட்டு ஊருக்குள் போனாள் என்று மட்டும் எழுதியிருக்கிறார்.